வால்யூமைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் ஏன் அணைகிறது?

மெதுவாகப் பாடும்வரை எந்தக் குறையும் இல்லை. காலையில் பக்திப் பாட்டு, மதியம் பழைய பாட்டு, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கூடி வால்யூமைத் திருப்பியதும், தவில் அடி விழும் இடத்தில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பாட்டு நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி பாடுகிறது. கூட்டினால் மறுபடி நிற்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான். ஸ்பீக்கர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, செட்டை மட்டும் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகிறார்கள். அவர் தன் கடை ஸ்பீக்கரில் மாட்டிப் பார்க்கிறார். செட் கணீரென்று பாடுகிறது. "ஒண்ணுமில்லையே சார்" என்று திருப்பித் தருகிறார். வீட்டுக்கு வந்து மாட்டினால் பழைய கதை.

இருவர் மேலும் தவறில்லை. அணைவது ஆம்ப்ளிஃபயர்தான், ஆனால் அதை அணைய வைப்பது அதற்கு வெளியேயும் இருக்கலாம். ஒயரில் இருக்கலாம், ஸ்பீக்கரில் இருக்கலாம், அலமாரியில் இருக்கலாம், சுவரிலுள்ள பிளக்கில் இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் முறை.

'டிக்' என்றது எது?

செட்டை ஆன் செய்து இரண்டு மூன்று விநாடி கழித்து 'டிக்' என்று கேட்கும். அதன் பிறகே பாட்டு வரும். அதுதான் ரிலே. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வாயிற்காவலன்போல நிற்கும் சிறிய மின்சுவிட்ச். உள்ளே எல்லாம் சரி என்று காப்புச் சுற்று சொன்னால் கதவைத் திறக்கும். சரியில்லை என்றால் அதே 'டிக்' சத்தத்தோடு மூடிவிடும்.

காப்புச் சுற்று முக்கியமாக மூன்றைக் கவனிக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் அளவை மீறுகிறதா? டிரான்சிஸ்டர்களைத் தாங்கும் ஹீட் சிங்க் அளவுக்கு மேல் சுடுகிறதா? ஸ்பீக்கர் முனையில் டி.சி. வருகிறதா? பாட்டு என்பது ஏ.சி.; கோனை முன்னும் பின்னும் அசைக்கும். டி.சி. போனால் கோன் ஒரே பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும், வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும். எல்லா செட்டிலும் இந்த மூன்று காவலும் இருப்பதில்லை. ஆனால் நல்ல செட்டில் ஒன்றிரண்டாவது இருக்கும்.

ரிலே இல்லாத செட்டுகளில் ஐ.சி.யே தன்னைக் காத்துக்கொள்ளும். நம்மூர் அசெம்பிள் செட்டுகளில் பலகாலமாகப் பார்க்கும் டிடிஏ7294 ஐ.சி. தன் உள்வெப்பம் 145 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஒலியை அடக்கும். 150 டிகிரியில் முழுவதும் நிறுத்திக்கொள்ளும். ஆறியதும் தானாகவே பாடத் தொடங்கும்.

ஃபியூஸ் இவற்றிலிருந்து வேறு. ஃபியூஸ் போனால் போனதுதான். மாற்றாமல் செட் எழாது. ஆகவே உங்கள் செட் அணைத்துப் போட்டதும் மறுபடி பாடுகிறது என்றால் அது நல்ல சேதி. காவல் வேலை செய்கிறது, காக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன.

கூட்டும்போது மட்டும் ஏன்?

காதுக்கும் கரண்டுக்கும் கணக்கு வேறு வேறு. ஒலி இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு வாட்ஸ். 1 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் ஒலி தரும் ஸ்பீக்கர், 98 டெசிபலுக்கு 10 வாட்ஸ் கேட்கும். 108 டெசிபலுக்கு 100 வாட்ஸ் கேட்கும். சாதாரணமாக அறையில் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே உழைக்கும். 'இன்னும் கொஞ்சம் கூட்டு' என்று சொல்லும் அந்தக் கொஞ்சத்தில் அதன் வேலை பல மடங்காகிவிடுகிறது.

வால்யூம் குமிழும் நம்மை ஏமாற்றும். பாதி திருப்பினால் பாதி பவர் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் முழுப் பவரையும் எட்ட உள்ளீட்டில் 150 முதல் 200 மில்லிவோல்ட் போதும். சி.டி. பிளேயரிலிருந்து வருவதோ உச்சத்தில் 2 வோல்ட். அதனால் குமிழ் பாதி தூரம் வருவதற்குள்ளேயே செட் தன் எல்லையைத் தொட்டுவிடலாம். அதற்கு மேல் திருப்புவது சத்தத்தைக் கூட்டாது. கரகரப்பையும் சூட்டையும்தான் கூட்டும்.

இதன் மேல் பேஸ் குமிழையும் முழுக்கத் திருப்பிவைப்பவர்கள் உண்டு. பேஸை 6 டெசிபல் தூக்கினால் அந்தக் கீழ்ச்சுரங்களுக்கு மட்டும் நான்கு மடங்கு பவர் வேண்டும். 10 டெசிபல் தூக்கினால் பத்து மடங்கு. தவில், டிரம், பேஸ் கிட்டார் விழும் இடத்திலேயே செட் சுருண்டுகொள்வதற்கு இது ஒரு காரணம். மற்ற எந்தச் சோதனைக்கும் முன்னால் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் நிறுத்துங்கள். 'லவுட்னெஸ்' பொத்தான் இருந்தால் அணையுங்கள். போனில் ஈக்வலைசர் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இதிலேயே குறை தீர்ந்தால், செட் கெடவில்லை. அதன் தகுதிக்கு மேல் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

எப்போது அணைகிறது? அதுவே பாதி விடை

கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டை, ஒரே அளவு சத்தத்தில் இரண்டு முறை போட்டுப் பாருங்கள்.

கூட்டிய கணமே, அதுவும் பேஸ் அடி விழும்போதே அணைந்தால், மின்னோட்டம் மீறுகிறது. ஒயரையும் ஸ்பீக்கரையும் சந்தேகப்படுங்கள்.

கால் மணி, அரை மணி நன்றாகப் பாடிவிட்டு அணைந்து, உடனே போட்டால் எழாமல், ஆறிய பிறகு எழுந்தால், சூடுதான் காரணம்.

அடி விழும்போது செட்டின் முகப்பு விளக்கு மங்கினாலோ, வீட்டில் ஃப்ரிட்ஜ், மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் அணைந்தாலோ, செட்டுக்கு வரும் கரண்டைப் பாருங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகும் அணைந்தால், அல்லது ஆன் செய்ததும் ரிலே 'டிக்' என்று திறக்கவே இல்லை என்றால், குறை உள்ளே இருக்கிறது.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மிக மெதுவாகப் பாடும்போது இருபது நிமிடத்தில் செட் தானே அணைந்தால் அது பழுதல்ல. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் புதிய செட்டுகளில் வைத்திருக்கும் ஆட்டோ ஸ்டாண்ட்பை வசதி அது. செட்டிங்கில் நிறுத்திவிடலாம்.

முதல் சோதனை: ஒயர்

என் வீட்டில் மூன்று நாள் தொல்லை கொடுத்தது தலைமுடி கனத்தில் ஒரு செம்பு இழை. செட்டைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன். கடைசியில் மெக்கானிக்கிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "செட்ட விடுங்க சார். பின்னாடி ஒயரைப் பாத்தீங்களா?" டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு முனையில் நுழைத்த ஒயரிலிருந்து ஓர் இழை மட்டும் பிரிந்து, வளைந்து, பக்கத்துக் கறுப்பு முனையை உரசியும் உரசாமலும் நின்றது. மெதுவாகப் பாடும்போது தொடாது. பேஸ் அடிக்கும்போது அலமாரி அதிரும், இழை ஆடும், தொடும். தொட்டால் ஷார்ட், ஷார்ட் ஆனால் 'டிக்'.

செட்டை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு ஒயர்களைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது; ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கமும் இதே விபத்து நடக்கும். முனையை வெட்டி, புதிதாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தோல் நீக்கி, இழைகளை இறுக முறுக்கி நுழையுங்கள். முறுக்கிய முனையில் ஈயம் வைத்துவிட்டால் இழை பிரியாது. நடுவில் ஒயரை ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தால் அந்த டேப்பையும் பிரித்துப் பாருங்கள். கட்டில் காலுக்கு அடியில், கதவிடுக்கில் நசுங்கிய ஒயரை மாற்றிவிடுங்கள். எலி இருக்கும் வீடாக இருந்தால் முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: ஸ்பீக்கரும் ஓம்ஸ் கணக்கும்

ஒயர் சரி என்றால் அடுத்தது ஸ்பீக்கர். செட்டை அணைத்து இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றுங்கள். ஆன் செய்து, அணைந்த அதே அளவுக்கு வால்யூமைக் கொண்டுபோங்கள். (வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெடும்.) ஸ்பீக்கர் இல்லாமலும் அணைகிறதா? குறை உள்ளே. அணையவில்லையா? இடது ஸ்பீக்கரை மட்டும் மாட்டிப் பாருங்கள். பிறகு வலதை மட்டும். அதற்குப் பிறகு இடதை வலது முனையிலும் வலதை இடது முனையிலும் மாற்றி மாட்டுங்கள். குறை ஸ்பீக்கரோடு இடம் மாறினால் ஸ்பீக்கர் குற்றவாளி. ஸ்பீக்கர் மாறியும் குறை அதே பக்கத்தில் நின்றால் ஆம்ப்ளிஃபயரின் அந்தச் சேனல்.

இப்போது ஓம்ஸ். ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம்ஸ், 6 ஓம்ஸ், 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும். எண் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரின் சுமை கூடும். செட் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். அது 50 வாட்ஸ். அதே 20 வோல்ட்டில் 4 ஓம்ஸ் 5 ஆம்பியர் இழுக்கும்; 100 வாட்ஸ். 2 ஓம்ஸ் என்றால் 10 ஆம்பியர், 200 வாட்ஸ். குமிழை யாரும் தொடவில்லை, ஆனால் சுமை நான்கு மடங்காகிவிட்டது.

'எங்க வீட்டுல 2 ஓம்ஸ் ஸ்பீக்கரே இல்லையே' என்பீர்கள். இருக்காது. ஆனால் இரண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை ஒரே முனையில் சேர்த்துக் கட்டினால், அதாவது பேரலலில் மாட்டினால், ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது 2 ஓம்ஸ்தான். ஹாலுக்கு ஒரு ஜோடி, மாடிக்கு ஒரு ஜோடி என்று மாட்டி, முகப்பில் ஏ, பி இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. பெரும்பாலான செட்டுகளில் அந்தப் பொத்தான்கள் ஸ்பீக்கர்களைப் பேரலலில்தான் சேர்க்கும். பெட்டிக்கு வெளியே கூடுதலாக ட்வீட்டர் மாட்டியவர்கள், அதற்கு முன்னால் கபாசிட்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கபாசிட்டர் இல்லாத ட்வீட்டர் பேஸையும் வாங்கி, சுமையைக் கூட்டி, கடைசியில் தானும் கருகும்.

மல்டிமீட்டர் இருந்தால் கையோடு அளந்துவிடலாம். ஒயரைக் கழற்றிய ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் 200 ஓம்ஸ் ரேஞ்சில் வையுங்கள். மீட்டர் காட்டுவது எழுதியிருக்கும் எண்ணைவிடக் குறைவாக இருக்கும், அது இயல்பு. 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை காட்டும். 8 என்று எழுதிய ஸ்பீக்கர் 3 காட்டினால் வாய்ஸ் காயிலில் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது யாரோ காயில் மாற்றும்போது வேறு காயில் வைத்துவிட்டார்கள். வூஃபர் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக அழுத்தி உள்ளே தள்ளிப் பாருங்கள். 'சரக் சரக்' என்று உரசினால் காயில் இடம் நகர்ந்திருக்கிறது. குறைந்த ஒலியில் தப்பித்து, கோன் அதிகம் ஆடும்போது மட்டும் ஷார்ட் ஆகும் ரகம் இது.

சிறிய கிளாஸ்-டி போர்டுகளை வாங்கிப் பெட்டியில் வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிச் சேதி. அவற்றில் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. ஒயரை மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்தாலோ, மைனஸை உலோகப் பெட்டியோடு இணைத்தாலோ போர்டு அணைந்துகொண்டே இருக்கும். நான்கு முனைக்கும் நான்கு தனி ஒயர் போக வேண்டும்.

மூன்றாவது சோதனை: சூடு

வழக்கமான கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதையும் பாட்டாக மாற்றுவதில்லை. ஏட்டுக் கணக்கிலேயே அதன் திறன் 78.5 சதவீதத்தைத் தாண்டாது. நாம் பாட்டுக் கேட்கும் அளவுகளில் அதைவிட வெகுவாகக் குறையும். மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூடு வெளியே போக அதற்கு இருக்கும் ஒரே வழி ஹீட் சிங்கும் மேல்மூடியில் உள்ள துளைகளும்தான்.

நம் வீடுகளில் அந்தத் துளைகளின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூவேலை செய்த துணி, அதன் மேல் செட்டாப் பாக்ஸ், அதன் மேல் ஒரு பொம்மை. செட்டையே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்திருப்போம். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, அலமாரிக்குள் எவ்வளவு இருக்கும்? குளிர் நாட்டு அறையை எண்ணிச் செய்த ஹீட் சிங்குக்கு நம்மூர்க் கோடை முதலிலேயே பதினைந்து டிகிரி கடன் வைத்துவிடுகிறது.

சோதனை எளிது. செட்டை வெளியே எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் படும்படி ஸ்டூலில் வையுங்கள். மேல்பக்கம் குறைந்தது பத்து சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கட்டும். ஒரு டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பி, அதே பாட்டை அதே சத்தத்தில் போடுங்கள். முன்பு இருபது நிமிடத்தில் அணைந்த செட் இப்போது ஒரு மணி நேரம் தாங்கினால் விடை கிடைத்துவிட்டது.

இடம் மாற்றியும் சீக்கிரமே கொதித்தால் உள்ளே தூசி அடைத்திருக்கும், அல்லது டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் வெள்ளைப் பசை காய்ந்திருக்கும். பத்துப் பதினைந்து வருஷமான செட்டில் அந்தப் பசை சுண்ணாம்புப் பொடியாய் உதிர்வதைப் பார்க்கலாம். பழைய பசையை முழுக்கத் துடைத்துவிட்டு மெல்லியதாகப் புதுப் பசை தடவ வேண்டும். அப்பிவைத்தால் அதுவே சூட்டை மறிக்கும். டிரான்சிஸ்டருக்கு அடியில் உள்ள மைக்கா தாளைக் கிழித்துவிட்டாலோ மறந்துவிட்டாலோ ஷார்ட் ஆகும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. ஃபேன் உள்ள செட்டாக இருந்தால் ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். தூசியில் இறுகி நின்றுபோன ஃபேன்கள் ஏராளம்.

சூட்டுக்கும் ஓம்ஸுக்கும் உறவு உண்டு. 8 ஓம்ஸுக்குச் செய்த செட்டில் 4 ஓம்ஸ் மாட்டினால், அதே வோல்ட்டில் சூடும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பின்பக்கம் 4, 8 என்று சுவிட்ச் உள்ள செட்டுகளில் அதை ஸ்பீக்கருக்கு ஏற்ற பக்கம் வைத்திருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சுவிட்சை செட் அணைந்திருக்கும்போதே மாற்ற வேண்டும்.

நான்காவது சோதனை: வரும் கரண்ட்

நம் வீட்டு இணைப்பு 230 வோல்ட் என்பது பேப்பரில். கோடை மாலையில், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில், அது 190க்கு இறங்குவதும் உண்டு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை செட்டில் வெளியே 190 என்றால் உள் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும். பவர் அதன் இருமடிக் கணக்கில் இறங்கும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பவர் போய்விடும். நாமோ பழைய சத்தத்தையே கேட்போம். பேஸ் அடியில் உள்வோல்ட்டேஜ் இன்னும் சரியும். ரிலேயைப் பிடித்துவைக்கும் வோல்ட்டேஜும் சேர்ந்து சரிந்தால் 'டிக்'.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துவிட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். தளர்ந்த பிளக் பாயிண்ட் என்றால் பிளக்கைத் தொட்டால் சுடும். லேசாகக் கருகிய வாசனை வரும். அந்தப் பாயிண்டை உடனே மாற்றுங்கள். இது பாட்டுக்கான பிரச்சினை மட்டுமல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அணைந்தால் இன்வெர்ட்டரின் திறனைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் செட் இரையும், சூடேறும். அதில் சத்தமாகப் போடாமல் இருப்பதே நல்லது.

அசெம்பிள் செட் வைத்திருப்பவர்களுக்கு

பெட்டியின் மேல் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்த அளவுக்கு ஒழுங்கான வரையறையே இல்லை. உண்மை டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட், 5 ஆம்பியர். மொத்தம் 120 வி.ஏ. சூடாகப் போவது போக, இரண்டு பக்கமும் சேர்த்து 70 வாட்ஸைத் தொடர்ந்து கொடுத்தாலே அது நல்ல டிரான்ஸ்ஃபார்மர்.

இன்னொரு பக்கமிருந்தும் கணக்குப் பார்க்கலாம். 12 வோல்ட் ஏ.சி., டயோடுகளைத் தாண்டி டி.சி. ஆகும்போது 16 வோல்ட் அளவில் நிற்கும். டிரான்சிஸ்டரில் போகும் இழப்பைக் கழித்தால் பாட்டின் உச்சத்துக்குக் கிடைப்பது 14 வோல்ட். 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் அது ஒரு பக்கத்துக்கு சுமார் 25 வாட்ஸ். 8 ஓம்ஸில் 12 வாட்ஸ். இந்த 25 வாட்ஸ் செட்டிடம் கல்யாண மண்டபத்துச் சத்தத்தை எதிர்பார்த்தால் அது கரகரக்கும், கொதிக்கும், அணையும். அதில் எந்த போர்டை மாற்றினாலும் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கலாம், ஆனால் அந்த வோல்ட்டேஜைத் தாங்கும் போர்டும், கபாசிட்டரும், ஹீட் சிங்கும் கூடவே மாற வேண்டும்.

குறை உள்ளேதான் என்றால்

மேலே சொன்ன நான்கையும் தாண்டியும் அணைகிறதா? அப்போது உள்ளே பார்க்கப் பழகிய கை வேண்டும். என்னென்ன குறை இருக்கலாம் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள். மெக்கானிக் சொல்வது புரியும்.

முதல் சந்தேகம் ஃபில்டர் கபாசிட்டர்கள் மேல். பேஸ் அடியின்போது தேவைப்படும் மின்னோட்டத்தைச் சேமித்துத் தருபவை அவை. சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். மேல்பக்கம் உப்பியிருந்தாலோ, அடியில் கசிந்திருந்தாலோ, வால்யூமைக் குறைத்தாலும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மாறாமல் இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது, அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் ஓய்வுநிலை மின்னோட்டம், அதாவது பயாஸ், எல்லை மீறியிருப்பது. பாட்டே போடாமல் ஆன் செய்து வைத்திருக்கும்போதே ஹீட் சிங்க் கொதித்தால் இதை நினைக்க வேண்டும். பிறகு டி.சி. ஆஃப்செட். ஸ்பீக்கர் முனையில் பாட்டில்லாதபோது 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் காரணம் தேட வேண்டும். போர்டில் ஈயம் விட்ட பற்றுகள், அதுவும் சூடாகும் பாகங்களின் அடியில் வட்டமாக விரிசல் விட்டிருப்பதும் சகஜம். சூடேறியதும் பிரியும், ஆறியதும் ஒட்டும்.

ரிலேயின் முனைகள் கருகியிருந்தால் அடையாளம் நேர்மாறாக இருக்கும். மெதுவாகப் பாடும்போது ஒரு பக்கம் காணாமல் போகும். கூட்டினால் 'படக்'கென்று வந்துவிடும். உங்கள் குறை கூட்டும்போது அணைவது என்றால், 'ரிலேயை மாற்றினால் சரியாகும்' என்று யாராவது சொல்லும்போது ஒருமுறை யோசியுங்கள்.

செய்யக் கூடாதவை

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். 2 ஆம்பியர் போனால் 5 ஆம்பியர் போடாதீர்கள். அணைந்துகொண்டே இருக்கிறதென்று காப்புச் சுற்றையோ ரிலேயையோ நேரடியாக இணைத்து விலக்கிவிடும் 'வைத்தியம்' ஒன்று உண்டு. அன்றைக்குப் பாட்டு நிற்காது. இன்னொரு நாள் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது அது ஸ்பீக்கரையும் கூடவே கொண்டுபோகும். அணைந்ததும் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்த மீறிய மின்னோட்டம் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போகிறது.

மூடியைத் திறப்பவர்கள் பிளக்கை உருவினால் போதும் என்று நினைக்கக் கூடாது. பெரிய கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். வகை செட்டில் முதல் பக்கத்துக் கபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். அது உயிருக்கே ஆபத்து. பழக்கமில்லாதவர் கை வைக்கவே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது

ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அணைந்தது, எத்தனை நிமிடத்தில் அணைந்தது, எழுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது, ஸ்பீக்கர் இல்லாமல் என்ன ஆயிற்று, இடம் வலம் மாற்றியபோது என்ன ஆயிற்று. "சவுண்டு வெச்சா ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர் இருட்டில் தேட வேண்டும். இந்த ஐந்து விவரமும் அவருடைய ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரமாக்கும். உங்கள் செலவையும் குறைக்கும்.

கூடவே, வீட்டிலிருக்கும் ஸ்பீக்கர்களையும், அவற்றில் மாட்டியிருந்த அதே ஒயரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். தூக்கச் சிரமம்தான். ஆனால் அவையும் இல்லாமல் கடையில் அந்த 'டிக்' கேட்காது.